கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்

நீங்கள் ஊரை ஏமாற்றுகிறீர்கள். பள்ளித் தலைவரின் மகனே, உங்களைத்தான் சொல்கிறேன். பள்ளிவாசல் புதுக் கட்டடத் திறப்புக்கு நீங்கள் அச்சடித்த மலரில் முதல் பக்கம் முழுக்க உங்கள் வாப்பாவின் படம். அதன் கீழே, “தன் வாழ்நாளில் எவரையும் கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்” என்று போட்டிருக்கிறீர்கள். அதே படத்தையும் அதே வசனத்தையும் பெரிதாக்கிச் சந்தியில் பதாகையாகவும் கட்டியிருக்கிறீர்கள்.

அந்த வசனத்தில் பொய் இல்லை. எனக்குக் கோபம் வருவதே அதனால்தான்.

என்னோடு ஓதப்பள்ளியில் ஒரே பாயில் இருந்து ஓதியவர்களே, நீங்களாவது கேளுங்கள். உங்களில் பலர் பேரப்பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் பதாகைக்கு முன்னால் நின்று படம் எடுத்ததை நான் பார்த்தேன். அவர் யாரையும் ஏசியதே இல்லை என்று பிள்ளைகளுக்குச் சொல்லியும் இருப்பீர்கள். ஏசாதவர்தான். ஏச வேண்டிய தேவை அவருக்கு இருக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னீர்களா?

கோபம் ஒரு பக்கம் இருக்கட்டும். நடந்ததைச் சரியாகச் சொல்ல வேண்டுமென்றால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். அப்படி ஒரு மனிதரை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. சண்டைக் காலத்தில் சோதனைச் சாவடிகளில் துவக்கோடு நின்றவர்களைக் கண்டிருக்கிறேன். அவர்கள் கத்த வேண்டியிருந்தது. தேர்தலுக்குத் தேர்தல் வாகன வரிசையில் வரும் மந்திரிமாரைக் கண்டிருக்கிறேன். அவர்கள் ஹோர்ன் அடிக்க வேண்டியிருந்தது. இவருக்கு ஒரு குடையும் ஒரு சால்வையும் போதும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்கு அவர் வீட்டிலிருந்து இறங்கி நடந்து வருவதை நினைத்துப் பாருங்கள். கறுப்புக் குடை, சிவப்புத் துருக்கித் தொப்பி, தோளில் பச்சைக்கரைச் சால்வை. தெருவில் மீன் வெட்டுகிறவர், வண்டிலில் நெல்மூட்டை ஏற்றுகிறவர், தேத்தண்ணிக் கடையில் குந்தியிருக்கிறவர், எல்லாரும் சாரனை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டியிருப்பார்கள். தூரத்தில் குடை தெரிந்ததும் முதல் ஆள் மடிப்பை அவிழ்த்து விடுவார். அவரைப் பார்த்து அடுத்தவர். தெரு நெடுகச் சாரன்கள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கும். சைக்கிளில் வருகிறவர் இறங்கி உருட்டுவார். கடை ரேடியோவின் சத்தம் குறையும். பெண்கள் வேலிக்கு உள்ளே, அவர் பார்க்கவே முடியாத இடத்தில் நின்றுகொண்டு முக்காட்டை இழுத்துவிடுவார்கள்.

எனக்கு உடம்பெல்லாம் புல்லரிக்கும். இதை எழுதும்போதும் புல்லரிக்கிறது. வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

நாங்கள் சிறுமிகள் அதை விளையாட்டாகவும் விளையாடினோம். உம்மாவின் குடையை எடுத்துக்கொண்டு ஒருத்தி நடப்பாள். மற்றவர்கள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு நின்று, அவள் வரும்போது இறக்கிவிட வேண்டும்.

“நீ தலைவர் இல்லகா. நீ சிரிக்காய்.”

“தலைவரும் சிரிப்பாரு.”

“சிரிப்பாரு. பல்லுத் தெரியாமச் சிரிப்பாரு. ஒனக்கு எல்லாப் பல்லும் தெரியிது. குடையத் தா இஞ்ச.”

அவருடைய பேச்சு இன்னொரு அதிசயம். யாரையும் “இதைச் செய்” என்று அவர் ஏவியதை நான் கேட்டதில்லை. “வாய்க்கால் அடைச்சிக் கிடக்கு போல” என்பார். அன்று பின்னேரம் மண்வெட்டியோடு ஆட்கள் வாய்க்காலில் நிற்பார்கள். “அந்தப் பொடியன் இன்னும் கடையிலயா நிக்கான்?” என்பார். அடுத்த நாள் அந்தப் பொடியன் கடையில் நிற்கமாட்டான். அவர் கேள்வி கேட்டார், அவ்வளவுதான். யாரையும் வேலையிலிருந்து விலக்கச் சொல்லவில்லை. கையெழுத்துப் போடவில்லை. எங்களைப் படிப்பித்த ஹெட்மாஸ்டர், பிரம்பும் இங்கிலிசுமாகத் திரிந்தவர், தலைவருக்கு முன்னால் நிற்கும்போது குரல் மெலிந்து பெண்பிள்ளை மாதிரிக் கதைப்பார். நான் ஜன்னலால் பார்த்திருக்கிறேன்.

என் வாப்பா இந்த ஊர்க்காரர் இல்லை. பொத்துவிலில் இருந்து வந்தவர். கலியாணம் முடித்தால் ஆண் பெண்வீட்டுக்கு வந்து இருப்பதுதானே எங்கள் வழக்கம். வாப்பா ஒரு கமராவோடு வந்தார். வீட்டின் முன்னறையை ஸ்டூடியோ ஆக்கினார். அங்கே ஒரு திரைச்சீலை தொங்கியது. அதில் பனி மூடிய மலையும் அன்னமும் நீந்தும் குளமும் வரைந்திருந்தது. எங்கள் ஊரில் யாரும் பனியையும் கண்டதில்லை, அன்னத்தையும் கண்டதில்லை, ஆனால் எல்லாரும் அதன் முன்னால்தான் நின்றார்கள். படம் எடுக்க வருகிறவர்களுக்கு ஒரு கறுப்புக் கோட்டு ஆணியில் தொங்கும். நெஞ்சு அகன்றவருக்கு முதுகுப்பக்கம் ஊசி குத்தி அதே கோட்டைப் போட்டுவிடுவார். பழைய படங்களில் எங்கள் ஊர் ஆண்கள் எல்லாரும் ஒரே கோட்டில் இருப்பதை யாராவது கவனித்தீர்களா? பவுடர் டப்பா, சீப்பு, இருட்டறையில் சிவப்பு பல்ப், படம் கழுவும் மருந்தின் புளித்த மணம். அந்த மணம் வாப்பாவின் விரல்களில் எப்போதும் இருந்தது.

வாப்பாவுக்கு ஒரு வேலைப் பழக்கம் இருந்தது. கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுப் பார்ப்பார். வெளியே வருவார். உட்கார்ந்திருப்பவரிடம் போய், இரண்டு விரலால் தாடைக்குக் கீழே நாடியைத் தொட்டு முகத்தை நிமிர்த்துவார். “இப்பிடி. அசையாதீங்க.” திரும்பிப் போய் படம் எடுப்பார். புதுமாப்பிள்ளையானாலும் மூட்டை தூக்குபவரானாலும் அதே இரண்டு விரல். அதனால்தான் அவருடைய படங்களில் எல்லாரும் கொஞ்சம் ராசா மாதிரித் தெரிந்தார்கள்.

தலைவருக்கு ஜே.பி. என்ற சமாதான நீதவான் பட்டம் கிடைக்கப் போவதாகக் கதை வந்தது நான் ஓதப்பள்ளியில் இருந்த ஒரு வருடம், வெள்ளாமை வெட்டி முடிந்த காலத்தில். அதற்குப் படம் வேண்டும். தலைவர் எங்கள் வீட்டுக்கு வருகிறார் என்றதும் தெருவே பெருக்கப்பட்டது. உம்மா வாசலுக்கு வெள்ளை விரித்தார். பெண்கள் எல்லாரும் உள்ளே போனார்கள். எனக்கு இன்னும் வயது வராததால் முன்னறையில் நிற்க முடிந்தது. திரைச்சீலையின் ஓரத்தில், அன்னத்துக்குப் பக்கத்தில் நின்றேன்.

தலைவர் வந்தார். பின்னால் பள்ளி நிர்வாகத்து மரைக்கார்மார், அவர்களுக்குப் பின்னால் தொழுகை நடத்தும் லெப்பை. படம் பிடிப்பது ஆகாது என்று போன மாதம்தான் லெப்பை பயான் பண்ணியிருந்தார். இப்போது தலைவர் உட்கார்ந்ததும், அவருடைய குடையையும் லெப்பைதான் வாங்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். உட்கார்ந்தார் என்று சும்மா எழுதிவிட்டேன். அந்தச் சின்ன முக்காலியில் எத்தனை பேர் உட்கார்ந்திருப்பார்கள்! அவர் உட்கார்ந்ததும் அது வேறு சாமான் ஆகிவிட்டது. அறை சின்னதாகிவிட்டது. கோட்டைக் கொடுக்க வாப்பாவுக்கே தோன்றவில்லை.

வாப்பா துணிக்குள் போனார். வெளியே வந்தார். நேரே நடந்து போய், இரண்டு விரலால் தலைவரின் நாடியைத் தொட்டு, நிமிர்த்தினார்.

“இப்பிடி. அசையாதீங்க.”

கதவுக்குப் பின்னால் உம்மாவின் வளையல் ஒருதரம் சத்தம் போட்டு நின்றது. தலைவர் அசையவில்லை. வாப்பாவைப் பார்த்தார். அந்தப் பார்வையைத்தான் கமரா பிடித்தது. நீங்கள் சந்தியில் கட்டியிருப்பது அந்தப் பார்வையைத்தான்.

படம் எடுத்து முடிந்ததும் தலைவர் எழும்பினார். சால்வையின் நுனியை எடுத்து நாடியை ஒருதரம் துடைத்தார். மெதுவாக. வியர்வையைத் துடைப்பது போல. பிறகு அந்த நுனி உள்ளே போகும்படி சால்வையை மடித்து மறுபடி தோளில் போட்டார்.

“நல்லம்” என்றார். போய்விட்டார்.

வாப்பா துள்ளினார். “கேட்டயா? நல்லம் எண்டாரு! தலைவர் வாயால நல்லம் எண்டு சொல்லிட்டுப் போறாரு!”

உம்மா கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். “என்னத்துக்கு நீங்க தொட்ட?”

“தொடாம எப்பிடிப் படம் எடுக்கிற?”

“அவரயுமா?”

“அவருக்கும் நாடி இரிக்கிதானே?”

படம் எப்படி வந்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. நீங்களே பார்க்கிறீர்கள். வாப்பா ஒரு பெரிய பிரதி போட்டு, ஸ்டூடியோவின் கண்ணாடி அலுமாரியில், கலியாண ஜோடிகளுக்கு நடுவில் வைத்தார். அப்போதுதான் நான் என் வாழ்நாளிலேயே பெரிய அதிசயத்தைக் கண்டேன். தெருவால் போகிறவர்கள் அந்தப் படத்தைக் கண்டதும் சாரனை இறக்கிவிட்டார்கள். ஆளுக்கு இல்லை, கடதாசிக்கு! நாங்கள் சிறுமிகள் எதிர்வேலியில் இருந்து பார்த்துச் சிரித்தோம். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு கிழவர் தலையில் விறகுக் கட்டோடு வந்தார். விறகை இறக்கி வைத்து, சாரனை அவிழ்த்துவிட்டு, கண்ணாடியைக் கடந்து போய், மறுபடி மடித்துக் கட்டி, திரும்பி வந்து விறகைத் தூக்கிக்கொண்டு போனார்.

தேத்தண்ணிக் கடையில் வாப்பா ஒரு பகிடியும் விட்டாராம். கறுப்புத் துணிக்குள் பார்த்தால் எல்லாரும் தலைகீழாகத்தானே தெரிவார்கள். “தலைவரும் தலகீழாத்தான் தொங்கினாரு, தொப்பி மட்டும் உழல்ல” என்றாராம். கடையில் ஒருவரும் சிரிக்கவில்லை என்று மாமா பிறகு சொன்னார்.

அந்தப் பருவத்தில்தான் எனக்கு மூத்தவர், என் ராத்தாவுக்குக் கலியாணம் பேசியிருந்தது. மாப்பிள்ளை பக்கத்து ஊர், படிப்பிக்கிறவர். ராத்தா தலையணை உறைகளில் பூப்போட்டுக்கொண்டு யாருக்கும் கேட்காமல் பாடிக்கொண்டிருப்பார். கலியாணம் நடக்க வேண்டுமென்றால் தலைவருக்கு வெற்றிலை வைத்து அழைக்க வேண்டும். வெற்றிலைத் தட்டத்தை, அந்த வட்டாவை, முன்னால் வைத்தால் அவர் ஒரு வெற்றிலை எடுத்துக் காம்பைக் கிள்ளுவார். கிள்ளினால் ஊர் வரும். அவ்வளவுதான் சட்டம். அது எங்கேயும் எழுதியிருக்கவில்லை.

வாப்பாவும் மாமாவும் போனார்கள். வட்டாவைத் தூக்கிக்கொண்டு நானும் போனேன். தலைவரின் மகனே, நீங்களும் அங்கே இருந்தீர்கள். என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். உங்கள் வாப்பாவின் பக்கத்தில், அவர் வெற்றிலை துப்பும் படிக்கத்தைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள். மறந்திருக்க மாட்டீர்கள்.

தலைவர் எவ்வளவு அன்பாகக் கதைத்தார்! பொத்துவிலில் மழை எப்படி என்று கேட்டார். எனக்கு ஒரு பேரீச்சம்பழம் தந்து, “எத்தின சூறா பாடம், மகள்?” என்று கேட்டார். நான் சொன்னேன். “மாஷா அல்லாஹ்” என்றார். சந்தோசத்தில் எனக்குக் காது சுட்டது. வட்டா அவருக்கு முன்னால் இருந்தது. அவருடைய கை முழங்காலில் இருந்தது. கதை முடிந்தது. கை வந்தது. வட்டாவின் விளிம்பை நகத்தால் தொட்டு, ஒரு விரல் அகலம் எங்கள் பக்கம் தள்ளியது. திரும்பவும் முழங்காலுக்குப் போனது.

வரும் வழியில் மாமா வேகமாக முன்னால் நடந்தார். வாப்பாதான் கதைத்துக்கொண்டு வந்தார்.

“வெத்தில எடுக்க மறந்திட்டாரு போல, மச்சான்.”

மாமா நின்றார். “மச்சான், ஒங்களுக்கு வெளங்கல்லயா?”

“என்ன வெளங்கிற? புள்ளைக்கிப் பழம் குடுத்தாரு. மழையக் கேட்டாரு. ஒரு கொற சொன்னாரா?”

“சொல்லியிருந்தா நல்லமே” என்றார் மாமா.

கலியாண நாளில் யாரும் வரமாட்டேன் என்று சொல்லவில்லை. சமைக்கிறவருக்குக் காய்ச்சல். பந்தல் துணிக்காரரின் துணி கிழிந்துவிட்டது. லெப்பைக்கு அவசரமாக ஒரு பயணம். ஒவ்வொருவரும் தலையைச் சாய்த்து, சிரித்து, மரியாதையாகத்தான் சொன்னார்கள். எனக்கு இன்றைக்கும் பிரமிப்பு அதுதான். ஒரு ஊரையே ஒரு நகம் நிறுத்தியது. முன் வீட்டுச் சாச்சி, ராத்தாவுக்கு மருதோன்றி வைத்தவர், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே இருந்தார். கதவு இடுக்கால் அவர் பார்த்துக்கொண்டிருந்தது எனக்குத் தெரிந்தது.

மாப்பிள்ளை வீட்டார் வந்தார்கள். காலியாகக் கிடந்த பாய்களைக் கண்டார்கள். மாப்பிள்ளையின் வாப்பா சுற்றிப் பார்த்தார். “ஊராக்கள் எங்க?” என்று கேட்டார். என் வாப்பா என்னவோ சொல்லத் தொடங்கினார். வந்தவர் கையை மெதுவாக உயர்த்தினார். “பொறகு பாப்பம்” என்றார். அவர்களும் ஏசவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு போனார்கள். உள்ளே ராத்தா உடுத்தியபடியே இருந்தார். செருப்புச் சத்தம் வாசலைத் தாண்டிப் போகும் வரை கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, என்னைப் பார்த்து, “நான் என்ன செஞ்ச?” என்று கேட்டார்.

போய் மாப்புக் கேளுங்கள் என்று மாமா வாப்பாவைக் கெஞ்சினார்.

“எதுக்கு மாப்பு? என்ன பிழ எண்டு சொல்லட்டும், கால்ல வேணுமெண்டாலும் உழுறன்.”

போனார். என்ன பிழை என்று தலைவரிடம் நேரே கேட்டார். தலைவர் ஆச்சரியப்பட்டாராம். “நான் ஒண்டும் சொல்லல்லயே, தம்பி” என்றாராம்.

அது முழு உண்மை. அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாத ஒன்றுக்கு எப்படி மன்னிப்புக் கேட்பது? வாப்பா முற்றத்தில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தார். நாடியைத் தொட்டதா, படத்தைக் கண்ணாடிக்குள் கலியாண ஜோடிகளோடு வைத்ததா, தேத்தண்ணிக் கடைப் பகிடியா, அல்லது இது எதுவுமே இல்லையா? சாகும்வரை அவருக்குத் தெரியாது. அவர் வேலையை விடவில்லை. ஆனால் அதற்குப் பிறகு யாருடைய நாடியையும் தொடவில்லை. உங்கள் வீட்டுப் பழைய படங்களை எடுத்துப் பாருங்கள். ஒரு காலத்துக்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாருடைய தலையும் கொஞ்சம் சரிந்து, கொஞ்சம் குனிந்து இருக்கும்.

தலைவர் காரணம் சொல்லவில்லை. அதனால் ஊர் ஒரு காரணத்தைச் செய்துகொண்டது. வாப்பா இல்லாத நேரத்தில் ராத்தா ஸ்டூடியோவுக்குள் ஒரு பொடியனோடு நின்று படம் எடுத்தாராம். அந்தப் படம் தலைவரின் கைக்குப் போனதாம். அதைப் பார்த்துத்தான் அவர் வட்டாவைத் தள்ளினாராம். அந்தப் படத்தை யாருமே கண்டதில்லை. ஆனால் பொடியனின் கை ராத்தாவின் தோளில் இருந்தது என்று எல்லாருக்கும் தெரியும். ராத்தா நீல முக்காடு போட்டிருந்தாராம். கறுப்பு வெள்ளைப் படத்தில் நீல முக்காடு! அதைக்கூட யாரும் யோசிக்கவில்லை. எங்கள் வீட்டில் வாப்பா வைத்திருந்த நல்ல படங்கள் எல்லாம் கறையான் தின்று போய்விட்டன. எடுக்கவே எடுக்காத அந்தப் படம் இன்னும் அழியவில்லை.

பிறகும் சம்பந்தங்கள் வந்தன. ஒவ்வொன்றும் வாசல் வரை வந்து திரும்பியது. ராத்தா கலியாணம் முடிக்கவில்லை. ஊர்ப் பிள்ளைகளின் கலியாண உடுப்புகளை எல்லாம் தைத்துக் கொடுத்தார். கமராவுக்கு முன்னால் நிற்கமாட்டார். அடையாள அட்டைக்கு எடுத்ததுதான் அவருடைய ஒரே படம். இப்போது என்னோடுதான் இருக்கிறார். உங்கள் மலர் எங்கள் வீட்டுக்கும் வந்தது. ராத்தா முதல் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார். “வாப்பாட கை” என்றார். பெருமையோடுதான் சொன்னார். பிறகு கீழே இருந்த வசனத்தை வாசித்தார். “கடிந்து ஒரு சொல் சொல்லாதவர்.” மலரை மடித்து வைத்துவிட்டு, “அப்ப அவரு என்னப் பத்தியும் ஒண்டும் சொல்லல்லதானே?” என்று என்னிடம் கேட்டார்.

எனக்குப் பதில் தெரியாது. உங்களுக்குத் தெரியும். அந்தச் சபையில் இருந்தவர்களில் நானும் நீங்களும்தான் மிச்சம். நான் சின்னப்பிள்ளை, எனக்குப் பழம்தான் தெரிந்தது. நாங்கள் எழும்பிப் போன பிறகும் நீங்கள் அங்கே நின்றீர்கள். உங்கள் வாப்பா உங்களுக்குச் சொல்லியிருப்பார், அல்லது சொல்லாமலே உங்களுக்கு விளங்கியிருக்கும்.

எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்ப வேண்டாம். தனியாகக் கூப்பிட்டு ஆறுதல் சொல்லவும் வேண்டாம். வருகிற வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்ததும், ஊர் கலைவதற்கு முன்னால், ஒலிபெருக்கியில் சொல்லுங்கள். அப்படி ஒரு படத்தை உங்கள் வாப்பா கண்டாரா, இல்லையா? என் ராத்தாவில் ஒரு குற்றம் இருந்ததா, இல்லையா? ஆம் அல்லது இல்லை. வாயால் சொல்லுங்கள். ராத்தாவுக்குக் காது இன்னும் நன்றாகக் கேட்கிறது.